ஏற்கத்தக்க பகுதி

நாலரைப் பக்கத்தில்
மூன்று வரிதான் அடைப்புக்குள்.
பென்சில் கோடு, அரசு வக்கீலின் ஜூனியர் போட்டது.
அதை மட்டும் அடி என்றார்கள். அடித்தேன்:
"என்னை அழைத்துச் சென்றால்
கிணற்று மேட்டுக்குத் தெற்கே மூன்றாவது பெங்களூரா மரத்தடியில்
சருகுக்குள் மறைத்து வைத்துள்ள கொடுவாளை எடுத்து ஆஜர் செய்கிறேன்."
அரசுத் தரப்புச் சான்றாவணம் ஐந்து.
மீதி, சட்டத்தின் கண்ணுக்கு வெற்றுத்தாள்.

கிருஷ்ணகிரி செஷன்ஸ் கோர்ட்டில்
பதினோரு வருஷமாகத் தட்டச்சு.
போலீசிடம் ஒப்புக்கொண்டது செல்லாது;
அதை வைத்து ஒரு பொருள் கிடைத்தால்
கிடைத்த அளவுக்குச் செல்லும்.
ஏன் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.
கூண்டில் ஏறும்போது காவேரியப்பன்
இடது பாதத்தை ஓரமாக ஊன்றி ஏறினார்.
அது போதும்.
அதையும் நான் பதியவில்லை.
கேள்வி கேட்கப்படாத கால்
பதில் ஆகாது.

ரைட்டர் ஜெயசீலனின் கை எனக்குப் பழக்கம்,
எந்த ஸ்டேஷனுக்கு மாறினாலும்.
அவர் எழுதினால் யாராயிருந்தாலும்
"மேற்படி விலாசத்தில் குடியிருந்து வருகிறேன்" என்றுதான் தொடங்குவான்.
மூன்றாம் பக்கத்தில், நடுவாக்கில்,
"ஆத்திரம் தாங்க முடியாமல்" வந்துவிடும்.
கல் உடைப்பவனும் லாரி டிரைவரும்
ஒரே மூச்சில் பேசுவார்கள்.

அடைப்புக்கு வெளியே கிடந்ததை நான் படிக்க வேண்டியதில்லை.
கரண்ட் போயிருந்தது. படித்தேன்.

ஆத்திரத்துக்கு இரண்டு வரி முன்னால்:
"மண்டிக்காரர் காயை முகர்ந்துகூடப் பார்க்காமல்
கிலோ நாலு ரூபா என்றார்."

முகர்ந்துகூட.
இது ஜெயசீலனுடையது இல்லை.
பொடி போடுகிறவர், மல்லிகையே அவருக்குத் தெரியாது.
அல்லது பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக
ஒரு நல்ல வரி எழுதிவிட்டாரோ?
லத்தி சொல்லி எழுதியதா, தோப்பு சொல்லி எழுதியதா,
இனி எந்தக் குறுக்கு விசாரணையிலும் வராது.

மகஜர் சாட்சி திம்மராயன்
எழுதாத தாளில் கையெழுத்துப் போட்டதாகச் சொல்லிப் பிறழ்ந்தார்.
மண்டிக்காரர் மனைவி சியாமளா,
"அவன்தான்னு ஊரே சொல்லுது" என்றார்.
ஊர் கூண்டேறாது.
கேள்விச் சாட்சியம், நீக்குங்கள் என்றார் நீதிபதி.
நீக்கினேன்.
நீக்கிய பிறகும் அந்த அம்மா
அங்கேயே நின்றிருந்தார்.

சந்தேகத்தின் பலன் எதிரிக்கு.
கடைசிப் பத்தி எப்போதும் பொருள்களுக்கு:
"சான்றுப்பொருள் ஒன்று, கொடுவாள், மதிப்பற்றது.
மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் அழிக்க."
மூன்று பிரதி எடுத்தேன்.

அந்த வரிக்கு எண் கிடையாது.
எண் இல்லாததை அழிக்க
உத்தரவும் கிடையாது.

நேற்று ரவுண்டானா தள்ளுவண்டியில்
பெங்களூரா ஒன்றைக் கையில் எடுத்தேன்.
விலை கேட்குமுன் முகர்ந்தேன்.
காம்படியில் பால் வாசம்.
அது எதையும் நிரூபிக்கவில்லை.