ஐஸ் அறைக்கு ஆள் தேவை

வார்டோ தீவின் மீன் தொழிற்சாலையில்
ஐஸ் அறைக்கு ஆள் நிற்பதில்லை.
மூன்று மாதம், மிஞ்சினால் நான்கு.
விரல் விறைத்துப் போய்
அடுத்த கப்பலேறி விடுவார்கள்.
குன்வோர் மட்டும் அதைக் கேட்டு வாங்கினாள்.
பதினேழு வருடம்.

பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு
காட் மீன் பெட்டிகளுக்கு நடுவே
நொறுக்கிய ஐஸில் கணுக்கால்வரை புதைந்து நிற்பாளாம்.
மேற்பார்வையாளர் பாதுகாப்புச் சட்டம் பேசினார்.
பாதத்தைத் தூக்கிக் காட்டினாள்:
வெந்த நண்டின் நிறம்.
அப்புறம் அவர் பேசவில்லை.

இதெல்லாம் கோப்பில் இருந்தது.
நான் அவளைப் பார்த்ததில்லை.
டிரோம்சோவில் என் மேசைக்கு வந்து சேர்ந்தது
அவளுடைய ஒரு கதவு மட்டும்.

நரம்பின் தோலில் உப்புக்கென்று ஒரு கதவு.
ஏறத்தாழ இரண்டாயிரம் மணி கோத்த சரம்
தனக்குள் தானே மடிந்து மடிந்து
கதவாகி நிற்பது.
சுட்டால் திறக்கும்.
ஆயிரத்தில் ஒரு நொடி.
சோடியம் பாயும், உடனே
உள்பக்கமிருந்து தாழ் விழும்.
அந்தத் திறப்பும் அடைப்பும்
அடுத்த கதவுக்கு, அதற்கடுத்த கதவுக்கு,
முதுகுத்தண்டு ஏறிப் போய்ச் சேர்வதைத்தான்
ஆ என்கிறோம்.

குன்வோரின் சரத்தில் ஒரே ஒரு மணி வேறு.
அவள் மாமன் ஹால்டோர்
படகோரம் கால் தொங்க, கடல் தொட,
அப்படியேதான் தூங்குவாராம்.
குடிகாரன் என்றது ஊர்.

இரவு பதினொன்று.
கடனுக்கு அவள் கதவைச் சுமந்த சிறுநீரகச் செல் ஒன்று.
கண்ணாடி ஊசி முனையை அதன்மேல் வைத்து
குழாயை வாயில் கவ்வி
மெல்ல, முத்தத்தைவிட மெல்ல, உறிஞ்சினேன்.
ஒட்டிக்கொண்டது.
மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றினேன்.
மற்றவர் கதவு புரண்டுகூடப் படுக்காத படியில்
இவள் கதவு ஆவென்று கிடந்தது.
திறந்த வீட்டில் நாய் நுழைந்ததுபோல் உப்பு.

பதினான்கு மில்லிவோல்ட்தான் வித்தியாசம்.
கைக்கடிகார பேட்டரியில்
நூறில் ஒரு பங்குகூட இல்லை.
அதற்குத்தான் போர்வை நெருப்பு, காலுறை நெருப்பு,
ஜூன் மாதம் முழுக்க நெருப்பு.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இந்தக் கால்
விடிய விடிய உப்பையே நினைத்துக்கொண்டிருந்தது.

எல்லாக் கதவையும் அடைத்துவிடலாம்.
ஆள் இருக்கமாட்டாள்.
இதயமும் உப்பில்தான் ஓடுகிறது.

மெக்ஸிலெட்டின்:
தாளம் தப்பிய இதயங்களுக்கென்று வந்த மாத்திரை.
ஓயாமல் திறக்கிற கதவில்
ஓயாமல் போய் ஒட்டும்.
சும்மா இருப்பதைச் சும்மா விடும்.
கிட்டத்தட்ட.
ஒரு சொட்டு விட்டுவிட்டுத் தட்டினேன்.
முதல் தட்டில் திரையில் பள்ளத்தாக்கு.
பத்தாவதில் பள்ளம்.
ஐம்பதாவதில்
யாரோ உட்கார்ந்து எழுந்த மெத்தை.

அதே வாரம் எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள்.
ஊசியில் இருந்தது இந்த மருந்துக்கு நெருங்கிய சொந்தம்.
பாதி உதடு என்னுடையதில்லை.
காபி தாடையில் வழிந்து
சட்டை நனைந்த பிறகுதான் தெரிந்தது.
அவளிடமிருந்து எதைப் பறிக்கப் போகிறோம் என்று
அன்றுதான் கொஞ்சம் பயந்தேன்.

முதல் வாரம் குமட்டல்.
பிறகு கை நடுங்கி மீன் வெட்டும் கத்தி நழுவியது.
அளவைக் குறைத்தார்கள், கூட்டினார்கள்.
முழுசாகப் போகவில்லை;
கோடையில் இன்னும் வாளித் தண்ணீர் வேண்டும்.

ஜனவரியில், சூரியனே எழாத ஒரு செவ்வாய்க்கிழமை,
டாக்டர் தொர்பியோர்க் அனுப்பிய குறிப்பு:
"நோயாளிக்குப் புதிய புகார்.
ஐஸ் அறையில் கால் குளிர்கிறதாம்.
வேறு பிரிவுக்கு மாறச் சான்றிதழ் கேட்கிறார்."

மூன்று முறை படித்தேன்.
குளிர்கிறதாம்.

எழுதிக் கொடுத்துவிட்டாராம்.
தொழிற்சாலைக் கதவில்
பதினேழு வருடத்துக்கு அப்புறம்
அந்த விளம்பரம் ஒட்டியிருக்கிறார்கள்.