முப்பது நாள் சோதனை

செவ்வாய்ப்பேட்டையில்
கொலுசுப் பட்டறைக்கு மேல் எங்கள் அலுவலகம்.
கீழே வெள்ளிக்கு மெருகு போடுவார்கள்,
மேலே நாங்கள் சுவர்களுக்கு.

மூன்று பிளக்-இன்கள். மூன்றுமே முப்பது நாள் ஓசி.
முப்பத்தொன்றாம் நாள்
படத்தின் குறுக்கே தன் பெயரை அடித்து நிற்கும்,
பாக்கிக்காரன் கதவில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி.

வீடு ஏற்காட்டில்.
கடைசிக் கொண்டை ஊசி தாண்டி,
காப்பித் தோட்டத்தில் அறுத்தெடுத்த பதினேழு சென்ட்.
ஜவ்வரிசி ஆலை அர்த்தனாரி கட்டுகிறார்.

முதலாவது அவசரக்காரன்.
பொத்தானை அமுக்கி டீயை ஆற்றுவதற்குள்
வீடு கல்யாண ஆல்பத்துக்குத் தயார்.
நிழலுக்குக்கூட பவுடர் பூசியிருக்கும்.

இரண்டாவதில் நாலாயிரம் மரங்கள்.
சில்வர் ஓக் இல்லை. மிளகுக்கொடி இல்லை.
பிரிசில்லா ஒரு மதியம் முழுக்கத் தேடி
ஒரு பலாவைக் கண்டுபிடித்தாள்,
பழம் கிளை நுனியில் மாங்காய் போலத் தொங்கியது.
போர்ட்டிகோவில் நிறுத்த ஆள் கேட்டால்
கம்பளிக் கோட்டு போட்ட வெள்ளைக்காரி ஒருத்தி,
வாரில் கட்டிய நாயோடு.

மூன்றாவது
வெளிச்சத்தைச் சில்லறையாக எண்ணும்.
ஜன்னலில் நுழைந்தது இவ்வளவு,
தரையில் பட்டது இவ்வளவு,
ஆக்ஸைடு சிவப்பைக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு
பரண் அடியில் போய்ச் சேர்ந்தது இவ்வளவு.
விசிறிகள் ஓலமிடும்.
கிராபிக்ஸ் கார்டில் ஆம்லெட் போடலாம்.
பனிமூட்டம் சேர்த்தால் ஒன்பது மணி நேரம்;
அறுபத்தேழு சதவீதத்தில் கரண்ட் போனது.
யூ.பி.எஸ். நாலு தடவை கத்திவிட்டு அடங்கியது.
திரும்ப முதலிலிருந்து.

விடிந்தபோது சமையலறை இருட்டாக இருந்தது.
எங்கோ தப்பு என்று
டைல்ஸை வெளுப்பாக்கினேன், ஜன்னலை அகட்டினேன்.
அசையவில்லை.
வாஸ்துப்படி அக்னி மூலை அது.
காலையில் வெட்டிய மலைச்சரிவு மறைக்கும்,
மதியத்துக்கு மேல் வீடே மறைக்கும்.
அக்னிக்கு அங்கே வேலையில்லை.

ஒரு விளக்கை ஒளித்து வைக்கலாம்.
எல்லோரும் செய்வதுதான்.
கேமராவுக்குப் பின்னால், நிழல் விழாத,
எந்தக் கடையிலும் கிடைக்காத ஒரு விளக்கு.
விரல் வரைக்கும் வந்துவிட்டது.

அர்த்தனாரி முதல் படத்தைத் தட்டி
"லோனுக்கு இது போதும்" என்றார்.
இரண்டாவதில், "யாரு இந்தம்மா?"
மூன்றாவதை அவர் புரட்டப் போகையில்
கோகிலவாணி விரலை வைத்துப் பிடித்துக்கொண்டார்.
கண்ணாடியை ஏற்றிவிட்டு,
"பட்டப்பகல்ல லைட்டு போடணுமா இங்க?"

ஆமாங்க என்றேன்.
அந்த 'ங்க' முடிவதற்குள்
எந்த பிளக்-இன் என்பது முடிவாகியிருந்தது.
சந்தா, மாதா மாதம், என் கார்டில்.

கூரையில் மூன்றடிக்கு இரண்டடி திறப்பு.
கூரையைப் பற்றிச் சாஸ்திரத்தில் ஒன்றுமில்லையாம்,
ஜோசியரிடம் போனிலேயே கேட்டுவிட்டார்கள்.

மறுபடி ஒன்பது மணி நேரம்.
இந்த முறை மேடையில், அடுப்புக்கு இடப்பக்கம்
ஒரு துண்டு வெயில்,
அரிவாள்மணை வைக்கிற அகலத்தில்.

பிரிண்ட் கொடுக்கும்போதுதான் பிரிசில்லா பார்த்தாள்.
கோட்டுக்காரியை எடுக்க மறந்திருக்கிறோம்.
பின்கதவுக்கு வெளியே, பனியில்,
நாய் எங்களைப் பார்க்க, அவள் மலையைப் பார்க்க.
எடுப்பதென்றால் இன்னொரு ராத்திரி.

இருக்கட்டும் விடு என்றேன்.
மார்கழியில் அங்கே கோட்டு வேண்டும்தான்.