ஞாயிறு விடுமுறை

காலை எட்டே கால்.
மின்சார சபையின் குறுஞ்செய்தி
மூன்று மொழியிலும் வந்தது, தமிழ் கடைசியாக:
"இன்று ஞாயிறு. மின் கேள்வி குறைவு.
கூரைச் சூரியத் தகடுகளைத் தயவுசெய்து
பிற்பகல் மூன்று மணிவரை நிறுத்தி வைக்கவும்."

ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றை நிறுத்தச் சொல்கிறார்கள்.
எங்களுக்கு இரண்டும் ஒரே சொல் என்பதை
தட்டச்சு செய்தவர் கவனித்திருக்க மாட்டார்.

வாழைச்சேனைத் துறைமுகத்துக்குப் பின்னால்
ஐஸ் ஆலை.
கூரையில் இருநூற்றுப் பத்துத் தகடு,
ஹயாத்து லெவ்வை முதலாளி வங்கிக் கடனில் பூட்டியது.
தவணை பதினைந்தாம் திகதி.
அதற்கு ஞாயிறுமில்லை, போயாவுமில்லை.

நான் கணக்கு எழுதுகிறவள்.
சுவிட்சு என் கதிரைக்குப் பின்னால்.

போன மாதம் கச்சேரியில் கூட்டம் வைத்தார்கள்.
'பசுமை நிலைமாற்றம்' என்று பதாகை,
இத்தனையாம் ஆண்டுக்குள் நூற்றுக்கு இத்தனை.
வெயில் வராமல் திரையை இழுத்துவிட்டு
வெயிலைப் பற்றி இரண்டு மணித்தியாலம்.
"இரவுக்கு என்ன செய்வது?" என்று
துண்டில் எழுதிக் கொடுத்தேன்.
அதிகாரி வாசித்தார், மடித்தார்,
சட்டைப் பைக்குள் வைத்தார்.
கொள்கையின் தமிழ்ப் பிரதி பின்னர் வருமாம்.
பெட்டிஸ் நல்ல சூடு.

தகடு நின்றால் ஒரு கொம்பிரசர்தான்.
சபையின் யூனிட் விலைக்கு
இரண்டை ஓட்டினால் கட்டாது.

இருதயநாதனின் றோளர் நாளை கடலுக்கு.
நானூறு கட்டி கேட்டு வந்து நிற்கிறார்.
"என்னகா, வெயிலுக்கும் லீவா?"
சொன்னேன்.
"மறுகா, மீனுக்கும் ஒரு மெசேஜ் போடச் சொல்லு புள்ள,
மூன்று மணிவரைக்கும் நாறாம இருக்கட்டும்."

சப்ரின் வந்தான், இன்வேர்ட்டர் பூட்டிய பெடியன்.
கம்பி ஒரு தராசாம்.
போடுவதும் எடுப்பதும் ஒத்து நிற்க வேண்டுமாம்,
சரிந்தால் நாடே இருட்டாம்.
மேற்குக் கரையில் எரியும் நிலக்கரி உலையை
அரை நாளுக்கு அணைத்துப் பற்றவைக்க ஏலாதாம்.
"எங்கள அணைக்கிறது லேசு அக்கா."
அவன் தகட்டைத்தான் சொன்னான்.

சுவிட்சை இறக்கினேன்.
மீற்றர் மறுபக்கம் ஓடத் தொடங்கிற்று.
தலைக்கு மேல் கச்சான் வெயில் சும்மா கிடந்தது,
தகடுகள் அதை ஒன்றும் கேட்காமல் கிடந்தன.

பேரேட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டேன்.
நேற்று மாலையே சொல்லியிருந்தால்
தண்ணீர் நிரப்பி, தட்டுகள் அடுக்கி
இரண்டு கொம்பிரசரையும் உச்சிப் பொழுதில் ஓட்டியிருப்போம்.
கம்பிக்கு ஒரு யூனிட்டும் போயிராது.
அத்தனை வெயிலையும் ஐஸாக்கி
செவ்வாய் மட்டும் அறையில் பூட்டியிருப்போம்.
நிறுத்தச் சொன்னவர்கள்
தின்னச் சொல்லியிருக்கலாம்.

இதை அப்படியே தட்டி அனுப்பினேன்.
உடனே பதில் வந்தது:
இந்த இலக்கத்துக்குப் பதில் அனுப்ப முடியாது.

இருநூற்றிருபது கட்டிதான் தேறியது.
மிச்சத்துக்கு நாளை என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.
இருதயநாதன் துண்டை வாங்கி
மடித்து
சட்டைப் பைக்குள் வைத்தார்.