நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து

கலாமாவில் மழையே இல்லை.
தாமிரச் சுரங்க லாரியை ஓரங்கட்டிவிட்டு
ஃபோனைத் திறக்கிறேன்.
சிலோயே தீவில் நீ ட்ரோனை ஏற்றுகிறாய், ரோசமெல்.

தகரக் கூரை. உருளைக்கிழங்குப் பாத்தி.
கொடியில் என் நீலச் சட்டை.
நான் இல்லாத எட்டு மாதத்தில்
அதை எதற்குத் துவைத்தாய்?
கடல் வற்றிய சேற்றில் சிப்பி பொறுக்கும் நெல்டா
குனிந்தபடியே கையை மட்டும் ஆட்டுகிறாள்.

பேட்டரி பதினொரு நிமிடம்தான் என்கிறாய்.
காற்று தள்ளுகிறது, படம் சாய்கிறது,
கடல் சுவர்போல் எழுந்து நின்று
மறுபடி படுத்துக்கொள்கிறது.

அப்புறம் நீ.
கன்ட்ரோலரை முறைத்தபடி, நிமிராமல்.
தினமும் முகம் பார்த்துத்தான் பேசுகிறோம்;
உச்சியில் முடி கொட்டியதை
ஒரு நாளும் நீ சொல்லவில்லை.

உடனே இறக்கிவிடாதே.
தூறல் விழுந்தால் விழட்டும், லென்ஸில் ஒரு சொட்டு.
இன்னும் கொஞ்சம் கீழே கொண்டுவா,
அந்த இடத்துக்கு
நேர் மேலே.