கொண்டல் பக்கத்து மூலை

தொண்டிக் கிட்டங்கியில் மூன்றாம் அட்டிக்கு
உறை போட்டது ஐப்பசி எட்டு.
நூற்று நாற்பது டன் புழுங்கலரிசி.
டன்னுக்கு மூன்று மாத்திரை வீதம் நானூற்று இருபது.
எண்ணி வைத்தவர் ராக்குமுத்து.
கையெழுத்து என்னுடையது.

மாத்திரைக்கு ஈரம் வேண்டும்.
பங்குனியில், பரமக்குடியில்,
சாயங்காலம்வரை சாம்பலாக மறுத்ததைப் பார்த்திருக்கிறேன்.
இங்கே கொண்டல் அடிக்கிற மாதம்,
சுவரே வியர்க்கிறது,
மதியத்துக்குள் பாதி விஷம் கிளம்பிவிட்டது.

கிளம்பியது திசை கேட்காது.
மேலேயும் ஏறும், கீழேயும் இறங்கும்,
சணலிழை இடுக்கில், அரிசிக்கும் அரிசிக்கும் நடுவில்.
குருணை இறுகிய மூட்டையில் மட்டும்
கொஞ்சம் நின்று யோசிக்கும்.
பகலெல்லாம் தகரம் சுட,
இரவில் மேல்வரிசைக் காற்று குளிர்ந்து சரியும்;
அதன் முதுகில் ஏறி இதுவும் வரும்.

மூன்றாம் நாள் குழாய் வைத்துப் பார்த்தேன்.
உச்சியில் தொள்ளாயிரம்.
நடுவில் எண்ணூற்று அறுபது.
கடலைப் பார்த்த மூலையில், அடியில்,
நூற்றுப் பத்து.

மிச்சம் எங்கே?

அழுகிய மீன் வாடை வரும் என்கிறது கையேடு,
அல்லது பூண்டு வாடை.
சுவருக்கு அந்தப் பக்கம் நூருல் அமீனின் கருவாட்டுக் களம்.
தெரு முழுக்க அதே வாடைதான்,
பிறந்ததிலிருந்து.
இந்த ஊரில் மூக்கு சாட்சி சொல்லாது.

உறையின் ஓரத்தில் மணல்பாம்பு கிடந்தது.
கான்வாஸ் குழாய், கரையிலிருந்து அள்ளிய மணல்.
தூக்கினேன்.
நகக்கண் அளவு சிப்பித் துண்டு ஒன்று
துணியைக் குத்தி, உறையையும் கிழித்து,
வெளிச்சத்தில் மினுங்கியது.

அந்த மூலைக்கு நேர் வெளியே
காவலர் சாத்தையாவின் கட்டில்.
"அங்கதாம்மா காத்து நல்லா வரும்."
மூன்று நாளாகத் தலைவலி,
மூன்று நாளாகக் கடுங்காப்பி.
பைக்கில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.
போகும்போதும் கட்டிலைத்தான் திரும்பிப் பார்த்தார்.

ஒட்டினோம்.
சலித்த மணலை நிரப்பினோம்.
மாத்திரை புதிதாக, நாட்கள் புதிதாக,
பதிவேட்டில் சிவப்பு மையில் ஒரு வரி.

உறை எடுத்த அன்று மூலை மூட்டையைக் குத்தி
அரிசியை உள்ளங்கையில் கொட்டினேன்.
செத்தவை மிளகுத் தூள் மாதிரி.
முதல் மூன்று நாளும் அரை விஷம் தின்று
பழகியிருந்த ஒன்று மட்டும்
மெல்லக் கால் உதறி,
கையெழுத்துப் போட்ட விரல்மேல் ஏறி
நடந்தது.