வில்லனுக்குப் பின்வாசல்

என் வேலை மூன்று வரை எண்ணுவது.
பல ராத்திரி இரண்டோடு நிறுத்துவது.
கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை,
டென்னஸி, மிஸ்ஸிஸிப்பி, அலபாமா,
வாரத்துக்கு ஆறு ஊர்.

ஆர்வில் செட்டர் தெற்கு டகோட்டாக்காரன்.
ஆறடி பதினோரு அங்குலம்.
கோதுமைக் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவனை
'வோல்கா கசாப்பு' என்று சுவரொட்டியில் ஒட்டினார்கள்.
ஏழடி நாலு என்று அச்சிட்டார்கள்.
கூடுதல் ஐந்து அங்குலத்தை
ஜனங்களின் பயமே வளர்த்துக்கொண்டது.

ரஷ்ய மொழி ஒரு சொல்லும் தெரியாது அவனுக்கு.
மைக்கில் உறுமியதெல்லாம்
மாடு விரட்ட அவன் அப்பா பேசிய ஜெர்மன்.
'அடேய் செவலை, வேலியைத் தாண்டாதே!'
அதைக் கேட்டு
மெம்ஃபிஸில் ஒருத்தி மயங்கி விழுந்தாள்.

நல்லவர்களின் கார் முன்னால் நிற்கும்.
இவன் கார் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில்,
அதுவும் நாலு டயரும் கிழிபடாத நாளில்.
பொன்முடி பக் ஃபேரோவோடு
ஒரே மேசையில் ஒருநாளும் சாப்பிட்டதில்லை.
யாராவது பார்த்துவிட்டால் பிழைப்பு போச்சு.
மனைவி வெர்லீன் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து
மற்றவர்களைவிடச் சத்தமாக ஏசுவாள்.
நன்றாகவே ஏசுவாள்.
சில வார்த்தைகள் எங்கே கற்றாளோ.

எழுபத்து நாலு, டூபெலோ.
பக் ஃபேரோவைத் தலைக்கு மேலே தூக்கி நிற்கிறான்.
கூட்டம் கொதிக்கிறது.
'முதுகு தேவலையா?' என்கிறான், உதடு அசையாமல்.
'இடப்பக்கம் வேண்டாம்.'
முட்டைத் தட்டை இறக்குவதுபோல் வலப்பக்கமாய்
இறக்கினான்; கூடவே காலை ஓங்கி உதைத்தான்.
இடி மாதிரிக் கேட்டதே, அது பலகை.
வலி முழுக்க அவன் முழங்காலுக்கு.

அன்றைக்குத்தான் திரும்பும் வழியில்
எவனோ ஒரு பயல்
பேனாக்கத்தியைத் தொடையில் இறக்கினான்.
பதினோரு தையல்.
பின்னறையில் பல்லைக் கடித்துக்கொண்டு
ஆர்வில் கேட்டான்:
'இன்னிக்கு நல்லாப் பண்ணினேன் போல, இல்லே?'

அப்புறம் என்ன.
அவன் உடம்புக்கு நிறுத்தத் தெரியவில்லை.
நாற்பதிலும் கை வளர்ந்தது, தாடை வளர்ந்தது.
கல்யாண மோதிரத்தை வெட்டி எடுத்தார்கள்.
விமானத்தில் கழிப்பறைக் கதவு அவனுக்கு மூடாது;
வாசலில் நான் கோட்டை விரித்துப் பிடித்து நிற்பேன்.
யாரும் சிரித்ததில்லை.
சிரித்திருந்தால் ஒருவேளை தேவலை.

தொண்ணூற்றெட்டில், ஜாக்ஸன் ஆஸ்பத்திரி,
சிறுநீரகம் போய், வாரம் மூன்று நாள்
இரத்தம் சுத்தம் செய்கிற நாற்காலி. இரண்டு நாற்காலி
சேர்த்துப் போட்டிருந்தார்கள்.
எதிர்வரிசையிலிருந்து வழுக்கைத் தலை ஒருவர்
தொப்பியைக் கையில் கசக்கியபடி வந்தார்.
லானி ஹாஸ்கியூ, மரமில் தொழிலாளி.
'ஐயா, டூபெலோவில் அந்தக் கத்தி...
நான்தான். இருபத்து நாலு வருஷமாய்த் தூக்கமில்லை.
அதெல்லாம் நாடகம் என்கிறார்கள்.
நாடகக்காரனையா நான் குத்தினேன்?'

ஆர்வில் என்னைப் பார்த்தான்,
தோள் பாயில் படும் முன்
என் கையைப் பார்ப்பானே, அதே பார்வை.
பிறகு குழாய் அனுமதித்த மட்டும் எழுந்து
பல்லைக் காட்டி
செவலையை விரட்டினான்.

நர்ஸ் ஓடி வந்தாள். கருவி கூவியது.
லானி இரண்டடி பின்வாங்கி, சுவரில் சாய்ந்து,
'பாத்தியா' என்றார் அவளிடம், 'பாத்தியா நீ,
நெசம்தான்!'
அந்த முகத்துக்குப் பத்தொன்பது வயது.

வண்டியில் வெகுநேரம் பேசவில்லை.
பாலம் தாண்டியதும் கேட்டான்:
'அந்த ஆளு சுவத்துல இடிச்சுக்கிட்டாரா, டூயி?
எந்தப் பக்கம்?'

சொல்ல மறந்தேன்.
அன்றும் குப்பைத் தொட்டி வழியாகத்தான் வந்தோம்.
அந்த ஆஸ்பத்திரிக்கு
அகலமான முன்வாசல் ஒன்று இருந்தது.