அலர்ட்

மணிக்கொரு தரம் எழுதுகிறேன்,
அலர்ட்.
பெரியாஸ்பத்திரி, பதினேழாம் கட்டில்,
தல்லாகுளத்தில் பைக் சறுக்கித் தலையில் அடிபட்ட தவசி.

அதுக்கு என்ன அர்த்தம் என்றாள் ஒச்சம்மாள்.
முழித்திருக்கிறார் என்றேன்.
"கருவாடுகூடத்தான் கண்ணத் தெறந்து கெடக்கு."
உஷார்?
"அது போலீஸு பேச்சுல்ல."
கவனம் என்றேன்.
சிரித்துவிட்டாள்.
உசிலம்பட்டிச் சந்தையில் இவளை விட்டுவிட்டு
இரண்டு தரம் பஸ் ஏறிப்போன ஆளாம்.

பேர் கேட்டால் சொல்வார்,
தேதி கேட்டால் சொல்வார்,
விரலை நீட்டினால் பிடிப்பார்.
அந்தச் சொல்லுக்கு அவ்வளவு போதும்.

மூன்றரை மணி.
கோரிப்பாளையம் சிக்னல் மஞ்சளை மட்டும்
சிமிட்டிக்கொண்டிருந்தது.
கட்டில் பக்கம் திரும்பாமலே
முதல் எழுத்தைப் போட்டுவிட்டேன்.

"சிஸ்டர்."
தரையிலிருந்து குரல். எழக்கூட இல்லை.
"மூச்சு வேற மாதிரிக் கேக்குது."

விளக்கைப் போட்டேன்.
ஒரு கண்மணி பெரிது, ஒன்று சிறிது.
டாக்டர், டிராலி, லிஃப்ட், ஸ்கேன்.
ஆபரேஷன் முடிய ஏழரை ஆயிற்று.
இருக்கிறார்.

மூன்றரைக் கட்டத்தில் என்ன இது,
எழுத்தை அடித்து வைத்திருக்கிறீர்கள்
என்கிறாள் காலை டூட்டி ஜெசிந்தா.

தியேட்டர் வாசலில்
அவருடைய செருப்பைத் தலைக்கு வைத்து
வாய் திறந்து தூங்குகிறாள் ஒச்சம்மாள்.
நாலு தரம் கூப்பிட்டும் எழவில்லை.